உள்நாட்டுப் போர் தொடங்கிய நாளை எப்படிக் குறிப்பது, எதையெல்லாம் சேர்ப்பது?

மருதம்:

வணக்கம். உள்நாட்டுப் போர்களுக்கு ஒரு காலவரிசை அட்டவணை தயாராகிறது. இரண்டு இடத்தில் சிக்கல்.

முதலாவது தொடக்க நாள். அமெரிக்காவுக்கு 1860 டிசம்பர் 20 (தென் கரோலைனா பிரிந்தது), 1861 ஏப்ரல் 12 (சம்டர் கோட்டைத் தாக்குதல்), ஏப்ரல் 19 (கடல் முற்றுகை அறிவிப்பு) என்று மூன்று நாள்கள் கிடைக்கின்றன. சிரியாவுக்கு 2011 மார்ச் என்றும் போடுகிறார்கள், 2012 ஜூலை என்றும் போடுகிறார்கள்.

இரண்டாவது, எதைச் சேர்ப்பது என்பது. ருவாண்டா 1994, இந்தோனேசியா 1965, வங்கதேசம் 1971, அல்ஜீரியா 1954 ஆகியவை ஒரு பட்டியலில் இருந்தால் இன்னொன்றில் இல்லை. ஆயிரம் பேர் இறந்தால் உள்நாட்டுப் போர் என்று ஒரு விதி சொல்கிறார்களே, அது மட்டும் போதுமா?

எண்ணேடு:

போதாது. 1963-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் தொடங்கிய 'கோரிலேட்ஸ் ஆஃப் வார்' திட்டம் வைத்த வரம்பு அந்த ஆயிரம். அதில் எண்ணப்படுவது சண்டையில் இறந்தவர்கள் மட்டுமே. அதோடு வேறு நிபந்தனைகளும் சேர்ந்தே வரும். சண்டை நாட்டின் எல்லைக்குள் நடக்கவேண்டும், அரசு ஒரு தரப்பாக நிற்கவேண்டும், எதிர்த்தரப்பு திருப்பி அடிக்கும் நிலையில் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதற்கும் ஓர் அளவுகோல் உண்டு: இரு தரப்பும் தொடக்கத்திலேயே ஆயுதத்தோடு அணிதிரண்டிருக்கவேண்டும், அப்படி இல்லாவிட்டால், பலவீனமான தரப்பு தான் இழந்த உயிர்களில் 5 சதவீத அளவுக்காவது எதிரிக்கு இழப்பு ஏற்படுத்தியிருக்கவேண்டும். 2,000 பேரை இழந்த கிளர்ச்சிப் படை, அரசுப் படையில் 100 பேரையாவது வீழ்த்தியிருக்கவேண்டும் என்று கணக்கு.

பட்டியல் போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த 5 சதவீதத்தில்தான். இந்தோனேசியாவில் 1965-66-இல் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஆனால் கொல்லப்பட்டவர்கள் பக்கம் போரிடும் படை என்று எதுவும் இல்லை. ஆகவே அது படுகொலைகளின் பட்டியலில் இருக்கவேண்டியது. உள்நாட்டுப் போர் என்று எழுதினால், கொல்லப்பட்டவர்களும் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். இறந்தவர்களுக்கு அது அநியாயம்.

ருவாண்டாவில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கிளர்ச்சி இயக்கமான ருவாண்டா தேசபக்த முன்னணி உகாண்டாவிலிருந்து உள்ளே புகுந்த 1990 அக்டோபர் 1-இல் போர் தொடங்குகிறது. 1993 ஆகஸ்டில் அருஷா அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1994 ஏப்ரல் 6-இல் குடியரசுத் தலைவரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட, மறுநாள் இனப்படுகொலை தொடங்கியது, போரும் மறுபடி மூண்டது. ஆகவே '1994' என்று ஒரே வரியாக எழுதாதீர்கள். போருக்கு ஒரு வரி, இனப்படுகொலைக்குத் தனிக் குறிப்பு. இனப்படுகொலையில் இறந்தவர்களின் எண்ணிக்கையைப் போர் மரணக் கட்டத்தில் சேர்த்தால் அட்டவணையே பிழையாகிவிடும்.

வங்கதேசம் 1971 நடுவழியில் வகை மாறுகிறது. மார்ச் 25 இரவிலிருந்து பாகிஸ்தானுக்குள் நடந்த போர். டிசம்பர் 3 முதல் இந்தியா-பாகிஸ்தான் போராகவும் ஆகி, டிசம்பர் 16-இல் சரணடைதலோடு முடிந்தது. அல்ஜீரியா (1954 நவம்பர் 1) இருப்பதிலேயே சிக்கலானது. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி அது பிரான்சின் மாவட்டங்கள். மிச்சிகன் திட்டம் அதைக் காலனிப் போர் என்று தனியே வைக்கிறது. ஆனால் 2003-இல் அரசியல் அறிஞர்கள் ஃபியரன், லெய்டின் இருவரும் வெளியிட்ட, பலரும் பயன்படுத்தும் பட்டியலில் காலனிப் போர்களும் பேரரசுக்குள் நடந்த உள்நாட்டுப் போர்களாகச் சேர்க்கப்பட்டன. அவர்களுடைய வரம்பும் வேறு: மொத்தம் 1,000 மரணம், ஆண்டுச் சராசரி 100, இரு தரப்பிலும் தலா 100. இரண்டு பட்டியல்களையும் கலந்து ஒரே அட்டவணை போட்டால் ஒரே வகைப் போர் ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

1946-க்குப் பிறகு நடந்தவைக்கு உப்சாலா மோதல் தரவுத் திட்டம்தான் என் பரிந்துரை. ஓர் ஆண்டில் 25 சண்டை மரணம் என்றால் 'ஆயுத மோதல்', 1,000-ஐத் தொட்டால் 'போர்' என்று இரண்டு படிகள். உங்களுக்கு முக்கியமானது, அவர்கள் ஒரே மோதலுக்கு இரண்டு தொடக்க நாள்கள் தருகிறார்கள்: முதல் சண்டை மரணம் நிகழ்ந்த நாள் ஒன்று, அந்த ஆண்டின் கணக்கு 25-ஐத் தொட்ட நாள் மற்றொன்று. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் அது எவ்வளவு துல்லியம் என்று ஒரு குறியீடும் இருக்கும். நாள் உறுதியா, மாதம் மட்டும்தான் தெரியுமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு நாளை மட்டும் நகலெடுப்பவர்கள், 'சுமார் ஜனவரி' என்றிருந்ததை 'ஜனவரி 1' ஆக்கிவிடுகிறார்கள்.

வழக்கேடு:

அமெரிக்க நாளுக்கு நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது.

முற்றுகை அறிவிப்புக்குப் பின் பிடிபட்ட கப்பல்களின் உரிமையாளர்கள், 'காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) போர் அறிவிக்கவில்லை. போரே இல்லாதபோது கப்பலை எப்படிப் பறிமுதல் செய்யலாம்?' என்று வழக்காடினார்கள். 1863 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போரை யாரும் முறைப்படி அறிவிப்பதில்லை, உண்மையில் போர் நடக்கிறதென்றால் அது போர்தான் என்பது பெரும்பான்மையின் கருத்து. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி நெல்சன், காங்கிரஸ் சட்டம் இயற்றிய 1861 ஜூலை 13 வரை சட்டப்படி போர் இல்லை என்றார். உங்கள் மூன்று நாள்களோடு நான்காவதாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு 'தி புரொடெக்டர்' என்ற கப்பலின் வழக்கில், மேல்முறையீட்டுக் கெடுவை எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை நிறுத்திவைப்பது என்ற கேள்வி வந்தது. அதற்குத் துல்லியமான நாள் வேண்டியிருந்தது. எல்லா மாநிலங்களிலும் போர் ஒரே நாளில் தொடங்கவுமில்லை, ஒரே நாளில் முடியவுமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. முதல் முற்றுகை அறிவிப்பில் இருந்த ஏழு மாநிலங்களுக்கு 1861 ஏப்ரல் 19. வர்ஜீனியா, வட கரோலைனாவுக்கு ஏப்ரல் 27. முடிவு 1866 ஏப்ரல் 2. டெக்சஸுக்கு மட்டும் ஆகஸ்ட் 20. தென் மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்த 1865 ஏப்ரல் 9-ஐ முடிவு நாளாகப் போடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆயிரம் என்ற வரம்பைத் தொடக்க நாள் கணிக்கப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தப் போரே சாட்சி. சம்டர் கோட்டையின் மீது ஏறத்தாழ 34 மணி நேரம் பீரங்கித் தாக்குதல் நடந்தது. அதில் யாரும் இறக்கவில்லை. ஜூலை 21 புல் ரன் போரில் களத்திலேயே இறந்தவர்கள் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 850 பேர். தலைநகரை நடுங்கவைத்த அந்தச் சண்டையும் தனியாக ஆயிரத்தை எட்டவில்லை. வரம்பு ஒரு போரைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். சேர்த்த பிறகு, நாளைத் தேட முதல் ஆயுத மோதலுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

சிரியா பற்றி: 2011 மார்ச் போராட்டங்களும் அவற்றின் மீதான துப்பாக்கிச் சூடும் தொடங்கிய மாதம். 2012 ஜூலை, சண்டை நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிவிட்டதால் அதை உள்நாட்டு ஆயுத மோதலாகக் கருதுவதாகச் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு அறிவித்த மாதம். சட்டத்தில் மரண வரம்பு கிடையாது. 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொது மூன்றாம் பிரிவு உள்நாட்டு மோதலுக்கும் பொருந்தும், ஆனால் அதற்கு வரையறை தரவில்லை. 1995-இல் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் டாடிச் வழக்கில்தான் அளவுகோலைத் தெளிவாக்கியது: நீடித்த ஆயுத வன்முறை, அமைப்பாகத் திரண்ட ஆயுதக் குழு. கட்டளை வரிசை உண்டா, ஆயுதம் பெறும் வழி உண்டா, பேச்சுவார்த்தைக்கு ஒரே குரலில் பேச முடிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கலவரம், ஆங்காங்கே நடக்கும் தாக்குதல் இவற்றில் சேராது.

மருதம்:

இருவருக்கும் நன்றி. இலங்கையை ஒரே போராக எழுதுவதா, நான்காக எழுதுவதா? தொடக்கம் 1983 ஜூலை 23 என்பது சரிதானா?

எண்ணேடு:

சரிதான், ஆனால் காரணத்தைச் சரியாக எழுதவேண்டும். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நடந்த தாக்குதலில் 13 படையினர் இறந்தனர். அது இரு தரப்பு ஆயுத மோதல். அடுத்த நாளிலிருந்து கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் கொல்லப்பட்டது ஒருதலையான வன்முறை. அதைப் போர் மரணக் கணக்கில் சேர்க்கக்கூடாது, விட்டுவிடவும் கூடாது. ருவாண்டாவுக்குச் சொன்னதுபோல் தனிக் குறிப்பு வேண்டும். 1975 ஜூலை 27-இல் யாழ்ப்பாண மேயர் துரையப்பா கொல்லப்பட்டதைத் தொடக்கமாக வைப்பவர்கள் உண்டு. ஆயுத இயக்கத்தின் வரலாற்றுக்கு அது பொருந்தும், போரின் நாளுக்குப் பொருந்தாது.

ஒன்றா நான்கா என்பது, சண்டை ஓய்ந்த காலத்துக்கு நீங்கள் வைக்கும் விதியைப் பொறுத்தது. 1983-87, 1990-95, 1995-2002, 2006-09 என்று நான்காகப் பிரிப்பது பரவலான வழக்கம். ஆனால் 1987 அக்டோபர் முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப் படையோடு நடந்த சண்டை அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போகிறது. இலங்கை அரசின் இசைவோடு வந்த படை என்பதால் அதுவும் உள்நாட்டு மோதலின் கீழ்தான் வரும், 'வெளிநாட்டுப் படை பங்கேற்றது' என்ற குறிப்போடு. 1995 தொடக்கத்துப் போர்நிறுத்தம் சில மாதங்கள்தான் நின்றது. அதைத் தனிப் போருக்கான எல்லையாகக் கொண்டால், உலகில் மற்ற போர்களையும் அதே அளவில் வெட்டவேண்டிவரும். 1983-2009 என்று ஒரே வரி, உள்ளே நான்கு துணைவரிகள், 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்தம் தனியாக என்று வைப்பதே நல்லது. 1971, 1987-89 ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சிகளுக்குத் தரப்பு வேறு என்பதால் தனி வரிகள்.

வழக்கேடு:

இதோடு ஒன்று. பழைய போர்களுக்கு மரண எண்ணிக்கையைத் தேடிப் போகாதீர்கள். கிடைப்பவை பெரும்பாலும் உத்தேசம். அங்கே அரசியல் செயலே நாள். இங்கிலாந்தில் 1642 ஏப்ரலில் ஹல் நகரம் அரசனுக்குக் கதவடைத்தது. ஆகஸ்ட் 22-இல் சார்லஸ் நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏற்றினான். பெரும் சண்டை அக்டோபர் 23 எட்ஜ்ஹில்லில். வழக்கமாக எடுப்பது ஆகஸ்ட் 22. ரோமுக்கு, தளபதி சுல்லா தன் படையோடு நகருக்குள் நுழைந்த கி.மு. 88. ஸ்பார்ட்டகஸின் அடிமைப் போரை ரோமர்கள் குடிமக்கள் போரில் சேர்க்கவில்லை. இன்றைய அளவுகோலில் அது சேரும், ஆகவே 'எந்த அளவுகோல்' என்ற கட்டம் அங்கேயும் தேவை.

லெபனானை மாதிரி வரியாக இப்படி எழுதலாம். தொடக்கம்: 1975 ஏப்ரல் 13. அடிப்படை: பெய்ரூட் ஐன் ரெம்மானேயில் பேருந்துத் தாக்குதல். துல்லியம்: நாள் உறுதி. முடிவு: 1990 அக்டோபர் 13, சிரியப் படை பாப்தா மாளிகையைப் பிடித்தது. மாற்று முடிவு: 1989 அக்டோபர் தாயிஃப் அமைதி ஒப்பந்தம். வகை: உள்நாடு, சிரியா, இஸ்ரேல் பங்கேற்பு.