குளச்சல், உதயகிரி, பத்மநாபபுரம்: ஒரே நாளில் முடியுமா?

கேள்வி (நெல்லை வாசி):
அம்மாவோடு ரயிலில் வாறோம். அவங்களுக்கு முழங்கால் வலி. கன்னியாகுமரி ஏற்கெனவே பார்த்தாச்சு. இந்தத் தடவை குளச்சலும் அதைச் சேர்ந்த பழைய இடங்களும் போதும். எதை முதலில் வைக்கலாம்? சிதறால் சமணக் குன்றையும் சேர்க்கலாமா?

பதில் (தக்கலைக்காரன்):
முடியும், ஆனா திங்கட்கிழமை வராதீங்க. அன்னைக்கு பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கு. மதியம் 1 முதல் 2 வரை அடைப்பு. அதனால காலை 9 மணிக்கே உள்ளே போயிருங்க. 11 மணிக்கு மேல வந்தா, பாதி பார்க்கும்போதே மதிய அடைப்பு வந்துரும்.

நாகர்கோவிலில் இறங்கி தக்கலை பஸ் பிடிங்க. அங்கிருந்து அரண்மனைக்கு 2 கிலோமீட்டர்தான், ஆட்டோ கிடைக்கும். செருப்பை வெளியே விடணும். ராஜா ஆலோசனை நடத்துன மந்திரசாலைக்கு ஏறுற மரப்படி குறுகல், செங்குத்து. அம்மாவுக்கு அதுதான் சிரமம். படி ஏற முடியலைன்னா கீழேயே இருக்கிற நவராத்திரி மண்டபத்தை நின்னு நிதானமா பார்க்கச் சொல்லுங்க. கண்ணாடி மாதிரி மின்னுற அந்தக் கறுப்புத் தரையும் கல்தூண் வேலைப்பாடும் அரண்மனையிலேயே சிறந்தவைன்னு சொல்வேன்.

அடுத்து புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவிச்சவர். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை கோட்டைக்குள்ள கூரை இல்லாத தேவாலயத்தில் இருக்கு. தமிழிலும் லத்தீனிலும் கல்வெட்டு உண்டு. பலர் வாசலில் இருக்கிற பூங்காவோட திரும்பிடுறாங்க. கல்லறை எங்கேன்னு கேட்டு உள்ளே நடங்க.

பதில் (இரணியல் பக்கம்):
தக்கலையில் இருந்து குளச்சலுக்குத் திங்கள்சந்தை வழியா பஸ் உண்டு. போர் நினைவுத் தூண் கடற்கரைப் பக்கம். பெரிய நினைவிடம்னு எதிர்பார்க்காதீங்க, ஒத்தைக் கல்தூண்தான். ஆனா டிலனாய் கல்லறையைப் பார்த்துட்டு வந்து நின்னா அதோட கனம் புரியும். வெயில் தாழ்ந்த பிறகு போறது நல்லது. ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிக்கும், தண்ணியில இறங்கவே வேண்டாம். திரும்ப இரணியல் ரயில் நிலையம் பக்கம்தான், ஆனா எல்லா எக்ஸ்பிரஸும் அங்க நிக்காது, முன்னாலேயே பார்த்து வைங்க.

பதில் (மார்த்தாண்டம்):
சிதறாலை இதோட சேர்க்காதீங்க. 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள்: பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையா, பின்னாளில் பகவதி கோயிலான குகை. அவசரமா பார்த்தா வீண். வண்டி மேல போகாது, கல் பாவிய ஏற்றத்தில் நடந்தே ஏறணும். முழங்கால் வலிக்காரங்களை மத்தியான வெயிலில் ஏத்தாதீங்க. இன்னொரு நாள் குழித்துறையில் இறங்கி, காலையிலேயே ஏறிட்டு வாங்க. தண்ணி பாட்டில் கையோட.