நாலாவது நாற்காலியை மலையகத்தில் எங்கே வைப்பது?

ஹட்டன் வாசகி (கேள்வி):
இத்தாலியச் சிற்பி தவிதே தொர்மினோவின் வெண்கலச் சிற்பத்தில், அரச இரகசியங்களை வெளிக்கொணர்ந்த அசாஞ்ச், ஸ்னோடன், செல்சி மானிங் ஆகிய மூவரும் ஆளுக்கொரு நாற்காலியின் மேல் ஏறி நிற்கிறார்கள். நாலாவது நாற்காலி, விரும்பியவர் ஏறிப் பேசுவதற்காக வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. 2015 மே தினத்தன்று பெர்லினில் வைக்கப்பட்ட அச்சிற்பத்தின் படத்தைப் பார்த்ததிலிருந்து, பேச்சுரிமைக்கு, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான நமது மலையகத்திலும் ஒரு சிற்பம் எழ வேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அதில் யார் யார் நிற்க வேண்டும்?

நாவலப்பிட்டி ஆசிரியர்:
கோ. நடேசய்யரை விட்டுவிட்டு அந்த வரிசையைத் தொடங்க முடியாது. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றமாக இருந்த காலத்தில் புடவை வியாபாரியாக வேடமிட்டு, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குச் சென்றவர், பத்திரிகை நடத்தியவர், 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கெனச் சங்கம் அமைத்தவர். அடுத்து, எங்கள் ஊரோடு சேர்ந்த பெயர் பிரேஸ்கேர்டில். ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் துரைத்தனம், அதாவது தோட்ட நிர்வாகம், பழக வந்த அந்த இளைஞர், 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரின் பங்களாக்களைச் சுட்டிக்காட்டிப் பேசினார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேறுமாறு ஆளுநர் பிறப்பித்த கட்டளை, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தில் செல்லாமற்போனது. பேச்சுக்காக ஒருவரை நாடுகடத்த இயலாது என்ற தீர்ப்புக்கு நம் மலைகளே காரணமாயின என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மஸ்கெலியா பேத்தி:
ஐயா, தாங்கள் குறிப்பிட்ட இருவரையும் ஏற்கிறேன். ஆனால் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் எங்கே? எழுதப் படிக்க வாய்ப்பற்றிருந்த மக்களிடம் உரிமையைப் பாட்டாக எடுத்துச் சென்றவர் அவர். துண்டுப்பிரசுரம் போய்ச் சேராத காதுக்குப் பாட்டு போய்ச் சேரும் என்பதை என் அம்மாயியைப் பார்த்தே அறிந்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, கேட்ட பாட்டோ ஒன்றும் மறக்காது.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரச் சந்தியைவிட, வேலைக்குப் போகுமுன் தொழிலாளர்கள் கூடி நின்ற பழைய பிரட்டுக்களமே பொருத்தமானது. விடியற்காலையில் பேர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பேச்சுக்கு அங்கே இடமிருந்ததில்லை.

ஹட்டன் வாசகி:
பிரட்டுக்களம் என் மனத்தில் தோன்றவேயில்லை, அக்கா; நன்றி. அப்படியானால் வெற்று நாற்காலியை உயரமான பீடத்தின் மேல் வைக்கக் கூடாது. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற ஒரு பெண், கூடையைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, எவர் கையையும் பிடிக்காமல் ஏறும் அளவுக்கு அது தாழ்வாக இருக்க வேண்டும்.