யூரின் பட்டை ஒண்ணு சொல்லுது, மீட்டர் ஒண்ணு சொல்லுதுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபி பக்கம் நாங்க. அப்பா பேலியோவுக்கு, அதாவது மாவுச்சத்தைக் குறைச்சு கொழுப்பை அதிகமாச் சாப்பிடற முறைக்கு, மாறியிருக்காங்க. அரிசிம்பருப்புச் சோறு, சந்தகை எல்லாம் நிறுத்தியாச்சு. முட்டை, பன்னீர், நாட்டுக்கோழி, தேங்காய்தான்.

உடம்பு கொழுப்பை எரிச்சுக் கீட்டோன் உண்டாக்கற நிலைதான் கீட்டோசிஸ்; அதைப் பார்க்கற யூரின் பட்டை ஆரம்பத்துல நல்ல கத்திரிப்பூ கலர்ல வந்துச்சு. இப்ப டப்பாவுல இருக்கற கலரோட ஒட்டி, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாலும் லேசான ரோஸ்தான். "கீட்டோசிஸ் போயிருச்சு கண்ணு"ன்னு நெய்யைக் கூட்டறாங்க. ஆனா விரல்ல குத்திப் பார்க்கற மீட்டர்ல 1.1, 1.4னு வருது. பட்டை பார்க்கறது அசிட்டோஅசிடேட்ங்கற கீட்டோன், மீட்டர் அளக்கறது ரத்தத்துல இருக்கற பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்ரேட்ங்கற இன்னொரு கீட்டோன், 0.5ல இருந்து 3 மில்லிமோல் வரைக்கும் உணவால வர்ற கீட்டோசிஸ்னு படிச்சேன். அப்ப மீட்டரை மட்டும் நம்பலாங்களா? எந்த நேரத்துல பார்க்கறது சரி?

இதைவிடப் பெரிய கவலை, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு, டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை போடறாங்க. அதோட மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சா, சர்க்கரை அளவு பெருசா ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் ரொம்ப ஏறி ரத்தம் அமிலமாகிற ஆபத்தான நிலை, வரலாமாம். நாளைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். இதே மாத்திரை போட்டவங்க இருந்தா, உங்க டாக்டர் மாத்திரையை மாத்துனாங்களா, மீட்டர்ல எவ்வளவு வந்தா உடனே வரச் சொன்னாங்கன்னு சொல்லுங்க. டாக்டர்கிட்ட மறக்காம என்ன கேக்கணும்னும் எழுதுங்க.