ஓபியாய்டும் காப்பும்: திங்கட்கிழமைக்குள் இரண்டு சொற்கள் தேவை

செவிலியர் கல்லூரி ஆசிரியை, மதுரை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஒரு சிற்றூர். ஆக்சிமார்ஃபோன் என்ற வலி மாத்திரையைக் கரைத்து, ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதில் 2015-இல் அங்கே எச்.ஐ.வி. பரவியது. சில ஆண்டுகளில் மொத்தம் இருநூறு பேருக்கு மேல். அதைப் படித்த என் மாணவிகள், இந்தப் பழக்கத்தில் சிக்கிய பெண்களுக்கென ஒரு கைப்பேசிச் செயலியின் திரைகளைத் தமிழில் வரைகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஓபியாய்டு’ எனப்படும், அபினி சார்ந்த இந்த மருந்துக் குடும்பம் முழுவதற்கும் ஒரு சொல் வேண்டும். எச்.ஐ.வி. வராமலிருக்க, தொற்றுக்கு முன்பே தினமும் போடும் ‘பிரெப்’ மாத்திரைக்கு இன்னொன்று.

‘போதை அடிமை’ மட்டும் வேண்டாம். செயலியைத் திறந்ததும் ஒரு பெண் படிக்கிற முதல் சொல் அதுவாக இருக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, ‘அபினிப்போலி’ என்று வையுங்கள். ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ ஆனால் இலக்கணப்போலி என்கிறோம். போலி என்றால் போல இருப்பது, அவ்வளவுதான். ஓபியாய்டு எதற்கு? கிரேக்கத்தில் ‘ஓபோஸ்’ என்றால் சாறு, அதிலிருந்து ‘ஓபியோன்’, அது அரபியில் ‘அஃப்யூன்’ ஆகி நம்மிடம் அபினியாக வந்து சேர்ந்துவிட்டது. குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அந்தச் செடியின் விதைதான். ஒரே வீட்டில் இரண்டாம் முறை ஏன் கடன் வாங்க வேண்டும்?

மருந்தாளுநர், கோவை

ஐயா, வேர் வரலாறு அருமை. ஆனால் மருந்துக்கடையில் ‘போலி’ என்றால் கள்ள மாத்திரை. அமெரிக்காவில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு கலந்த கள்ள மாத்திரைகளால் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் இதே செயலிதான் எச்சரிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் உயிருக்கு ஆபத்து. ஓபியாய்டு என்றே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

பிரெப்புக்கு ‘வருமுன் காப்பு’. “எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்” என்று குறளே இருக்கிறது. ‘வருமுன் காப்போம்’ அரசுத் திட்டத்தின் பெயராகவே பழகியும் போயிற்று. திரையில் ‘காப்பு’ என்று சுருக்கி, வளையல் படம் போடலாம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது.

போதை மறுவாழ்வுப் பணியாளர், சென்னை

வளையல் யோசனை பிடித்தது. ஆனால் நான் பார்க்கிற பெண்களிடம் ‘காப்பு’ என்றால் போலீஸ் மாட்டுகிற காப்புதான் நினைவுக்கு வரும். அப்புறம், வளைகாப்பு என்று எண்ணி, கர்ப்பிணிகளுக்கான செயலி போல என்று மூடிவிடுவார்கள். ‘முன்தடுப்பு மாத்திரை’ போதாதா?

தமிழாசிரியர், தஞ்சாவூர்

தடுப்பு என்றால் தடுப்பூசி என்று குழம்புவார்கள். காப்பை விட வேண்டாம். போலியைப் பற்றியும் என் கருத்து மாறவில்லை; மக்கள் சிதைத்த சொல்லை வகுப்பறைதான் மீட்க வேண்டும்.

ஆசிரியை, மதுரை

ஐயா, அந்தச் சொல்லை என் வகுப்பில் மீட்கலாம். அந்தப் பெண்ணின் கையில் வைத்து மீட்க முடியாது. பல வீடுகளில் ஊசியை அவளுடைய துணைவன் முதலில் போட்டுக்கொண்டு, அதே ஊசியை அப்புறம் அவளுக்குப் போடுகிறான். அவளுக்கு இந்த மாத்திரை முழுப் பலன் தர, நாள் தவறாமல் போட்டு ஏறக்குறைய 21 நாள் ஆகும். அந்த 21 நாளும் நினைவூட்டல் வந்து விழுவது அவன் கண் படும் கைப்பேசியில். நேற்று ஒரு மாணவி தன் திரையில் எல்லாச் சொல்லையும் அழித்துவிட்டு, ‘சாப்பிட்டாச்சா?’ என்று மட்டும் எழுதிக் கொண்டுவந்தாள். நினைவூட்டலுக்கு அதையே வைக்கிறேன்.

பாடக்குறிப்பில் ‘ஓபியாய்டு’, ‘வருமுன் காப்பு மாத்திரை’. பெரும்பாலோர் சரி என்றதாக எடுத்துக்கொள்கிறேன்.

மறுவாழ்வுப் பணியாளர், சென்னை

நான் சரி என்று சொல்லவில்லை, அக்கா. காப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. ‘சாப்பிட்டாச்சா?’ மட்டும் அப்படியே இருக்கட்டும்.