மண்ணுக்குள் கிடைத்த சிறிய பிலிம் கமரா: அடையாளம் காண உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையிலுள்ள எங்கள் பழைய வீட்டு வளவில், புதைந்துபோன தண்ணீர்க் குழாயை மெட்டல் டிடெக்டரால் தேடியபோது, தீப்பெட்டியளவான பிலிம் கமரா ஒன்று அகப்பட்டது. வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதால், அதில் பொறித்துள்ள எழுத்துகளை வாசிக்க முடியவில்லை. பின்மூடிக்குள் படம் பதியும் சாளரம் சதுரமாக, பக்கத்துக்கு ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் இருக்கிறது. ஆகவே இது 8க்கு 11 மில்லிமீற்றர் படம் பிடிக்கும் மினொக்ஸ் எனும் சிறு கமரா அல்ல என்றும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் 17.5 மில்லிமீற்றர் பிலிமுக்காக மலிவாகச் செய்யப்பட்ட ‘ஹிட்’ வகையைச் சேர்ந்தது என்றும் கருதுகிறேன். அவ்வகைக் கமராக்கள் பற்பல பெயர்களில் விற்கப்பட்டன என்பதுதான் சிக்கல். இதன் சரியான பெயரை அறிந்தவர்களும், எழுத்து அழியாமல் களிம்பை அகற்றும் முறை தெரிந்தவர்களும் தயவுசெய்து அறியத்தாருங்கள். கொழும்பில் பழைய கமராக்களைத் திருத்துபவர் எவரேனும் இருந்தால், நேரில் கொண்டுசென்று காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன்.