வேகத்தைக் கூட்டினால் விசை குறைகிறது: ஷாக் அப்சார்பர் ரிக்கில் எங்கே தப்பு?

பேட்டை டிப்ளமோ:
வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருடம், திருநெல்வேலி பேட்டை. பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பரைச் சோதிக்க மூன்று பேர் சேர்ந்து ஒரு ரிக் (சோதனை இயந்திரம்) கட்டியிருக்கிறோம். இடம் கொடுத்தது மேலப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர் சீட்டில் உள்ளங்கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கி, வண்டி மேலே எழும்புகிற விதத்தைப் பார்த்தே "ஆயில் போச்சு" என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர் கைக்குத் தெரிவதை எண்ணாகக் காட்ட வேண்டும் என்றுதான் இதில் இறங்கினோம்.

சட்டம் காயலான் கடையில் வாங்கிய சி-சேனல். 1 எச்பி மோட்டார், வேகம் மாற்ற டிரைவ், 15-க்கு 1 கியர்பாக்ஸ். 25 மிமீ கிராங்க், 150 மிமீ கனெக்டிங் ராடு. ஆக ஸ்ட்ரோக் 50 மிமீ. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 96 சுற்று. ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு டேம்பரை (அசைவைத் தடுக்கும் ஆயில் குழாயை) மட்டும் மாட்டுகிறோம். ஓடுவது கீழ்ப்பக்கம். மேலே அசையாத குறுக்குச் சட்டத்தில் விசையை அளக்கும் 200 கிலோ எஸ்-டைப் லோடு செல், அதன் சிக்னலை எண்ணாக மாற்ற எச்எக்ஸ்711 போர்டு, பிறகு அந்த எண்ணைப் படிக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை. நகர்வை அளக்க ஸ்லைடரில் ஒரு லீனியர் பொட்டென்ஷியோமீட்டர்.

பிரச்சினை இதுதான். 24 சுற்றில் இழுக்கும்போது 195 நியூட்டன், அமுக்கும்போது 65. 48 சுற்றில் 245-ம் 90-ம். 96-க்குப் போனால் இழுவை 185-க்கு இறங்கிவிடுகிறது. அமுக்கும்போதும் இழுவை என்றே காட்டுகிறது! வேகம் கூடினால் டேம்பர் விசையும் கூடத்தானே வேண்டும்? நகர்வுக்கு எதிராக விசையைப் போட்ட வரைபடம் முட்டை வடிவில் வரவில்லை, புள்ளிகள் ஐந்து இடங்களில் கொத்துக் கொத்தாக விழுந்து மெதுவாக நகர்கின்றன. 20 கிலோ எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம், 196 நியூட்டன் சரியாகக் காட்டுகிறது. அதனால் லோடு செல்லில் குறை இல்லை என்று நினைக்கிறோம். இரண்டு வாரமாக இதிலேயே நிற்கிறோம், உதவுங்கள்.

அம்பை ஒர்க்‌ஷாப்:
தம்பி, ரொம்ப நேரம் ஓட்டினீர்களா? ஆயில் சூடேறினால் இளகிவிடும், விசை இறங்கும். மலைப்பாதையில் இறங்கி வரும் வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, முதலில் 96-ல் ஓட்டிப் பாருங்கள்.

பேட்டை டிப்ளமோ:
ஆறவிட்டு ஓட்டினோம் அண்ணாச்சி. அதே 185.

ராதாபுரம் காற்றாலை:
தம்பி, எனக்கு வேலையே காற்றாலைகளில் அதிர்வு அளப்பது. நீ சொன்ன ஐந்து கொத்துகளே விடையைச் சொல்லிவிட்டன. நிரலில் ஒரு அளவுக்கு ஐந்து ரீடிங்கைச் சராசரி எடுக்கிறாயா?

பேட்டை டிப்ளமோ:
ஆமாம் அக்கா! எண் ஆடாமல் நிற்கட்டும் என்று அப்படி வைத்தோம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ராதாபுரம் காற்றாலை:
கடையில் கிடைக்கும் எச்எக்ஸ்711 போர்டுகள் பல, நொடிக்கு 10 ரீடிங் மட்டுமே தரும்படி வைக்கப்பட்டிருக்கும். ஐந்தைச் சராசரி எடுத்தால் அரை நொடிக்கு ஒரு எண். உன் கிராங்க் 96-ல் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 0.625 நொடி. அதாவது ஒவ்வொரு எண்ணும் முக்கால் சுற்றுக்கும் மேலான விசையை ஒன்றாகக் கலக்கிய கூட்டு. இழுவையும் அமுக்கமும் அதற்குள் கலந்துவிடுகின்றன. இழுவை பெரியது என்பதால் சராசரி அந்தப் பக்கமே சாய்கிறது. அமுக்கும்போதும் இழுவை தெரிவது அதனால்தான். 0.5-ஐ 0.625-ஆல் வகுத்தால் 0.8. ஐந்து எண்ணுக்கு நான்கு சுற்று முடியும், அப்புறம் அதே ஐந்து இடங்கள். 24 சுற்றில் ஒரு சுற்றுக்கு 2.5 நொடி இருப்பதால் பாதிப்பு குறைவு. தொங்குகிற எடை அசையாது, எவ்வளவு சராசரி எடுத்தாலும் அதன் எண் மாறாது. அந்தச் சோதனையில் இந்தப் பிழை சிக்கவே சிக்காது.

சராசரியை எடுத்துவிடு. எச்எக்ஸ்711 சிப்பின் 15-ஆம் காலை (பின்) கிரவுண்ட் இணைப்பிலிருந்து பிரித்து, பக்கத்து 16-ஆம் காலோடு இணை. நொடிக்கு 80 கிடைக்கும். 96-ல் ஒரு சுற்றுக்கு 50 புள்ளி வரும், வரைபடத்துக்குப் போதும்.

இன்னொன்று முக்கியம். அந்த வேகத்திலும் எச்எக்ஸ்711 நிலைப்பட 50 மில்லி நொடி எடுக்கும், ஆகவே விசையின் எண் நகர்வின் எண்ணைவிடச் சற்றுத் தாமதமாக வரும். டேம்பரை எடுத்துவிட்டு, கழற்றி வைத்த ஸ்பிரிங்கை மாட்டி ஓட்டு. ஸ்பிரிங்குக்கு விசை நகர்வைப் பொறுத்தது மட்டும்; வேகம் எதுவானாலும் ஒரே நேர்கோடு வர வேண்டும். கோடு பிளந்து வளையமானால் அந்த அகலம் உன் அளவீட்டின் தாமதம். அது மூடும்வரை அட்டவணையில் விசைப் பத்தியை நகர்த்து. டேம்பரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்யாமல் விடாதே.

நகர்வுக்குப் பொட்டென்ஷியோமீட்டர் வைத்தது நல்ல காரியம். பலர் கிராங்க் கோணத்திலிருந்து சைன் போட்டுக் கணக்கிடுவார்கள். 25-க்கு 150 ராடில் அது நடுவில் 2 மிமீ தப்பும்.

பேட்டை டிப்ளமோ (நான்கு நாள் கழித்து):
அக்கா, சொன்னபடி செய்தோம். 15-ஆம் காலை ஊசியால் நிமிர்த்தும்போது ஒரு போர்டு உடைந்துபோனது, இரண்டாவது சரியாக வந்தது. ஸ்பிரிங்கில் வளையம் விழுந்தது. விசையை இரண்டு புள்ளி, அதாவது 25 மில்லி நொடி, முன்னே தள்ளியதும் கோடாக மூடிக்கொண்டது. அதைப் பார்த்ததும் மூன்று பேரும் கை தட்டிவிட்டோம்.

இப்போது டேம்பரில் 24, 48, 96 சுற்றுக்கு முறையே இழுவை 210, 340, 540 நியூட்டன். அமுக்கம் 75, 120, 180. உச்ச வேகம் நொடிக்கு ஏறக்குறைய 0.06, 0.13, 0.25 மீட்டர். ஆனால் ஒரு மூலை மட்டும் சரியில்லை. அமுங்கி முடிந்து இழுவை தொடங்கும் இடத்தில் முதல் 4 மிமீக்கு விசை எழவே இல்லை, சட்டென்று ஏறுகிறது. மறுமுனையில் இப்படி இல்லை.

அம்பை ஒர்க்‌ஷாப்:
தம்பி, இது என் பக்கத்து விஷயம். ஷாக்கை மாட்டும் இடத்துப் புஷ் தளர்ந்திருந்தால் இரண்டு முனையிலும் தட்டும். ஒரு முனையில் மட்டும் என்றால் காற்றைத்தான் சந்தேகப்படுவேன். ஷாக்கை மேசையில் படுக்க வைத்திருந்தீர்களா? இரட்டைக் குழாய் ஷாக் படுத்துக் கிடந்தால் வெளிக்குழாய்க் காற்று உள்குழாய்க்குள் புகுந்துவிடும். நிமிர்த்தினால் அது பிஸ்டனுக்கு மேலே போய் நிற்கும். இழுக்கும்போது முதலில் அந்தக் காற்றுதான் நசுங்கும், ஆயில் தடுப்பது அதற்கப்புறம். ராடு மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, கையால் மெதுவாக ஏழெட்டு முறை முழு ஸ்ட்ரோக் அடியுங்கள். களகளவென்ற சத்தம் நிற்கும்வரை. புது ஷாக் பூட்டும்போதும் நான் இதைச் செய்யாமல் வண்டியில் ஏற்றுவதில்லை.

பேட்டை டிப்ளமோ:
படுக்கத்தான் வைத்திருந்தோம் அண்ணாச்சி, ஒரு வாரமாக. நீங்கள் சொன்னது போலவே ஆறாவது முறையோடு சத்தம் நின்றது. ரிக்கில் மாட்டினோம்: மூலை உருண்டையாக வந்துவிட்டது, 4 மிமீ பள்ளம் போயே போச்சு.

96-ல் ஷாக் தின்னும் சக்தியையும் கணக்கிட்டோம், சராசரி 45 வாட். ஐந்து நிமிடத்தில் குழாயைத் தொட்டால் நன்றாகச் சுடுகிறது. நீங்கள் முதலில் சொன்ன சூட்டையும் விடப்போவதில்லை: குழாயில் வெப்பமானி ஒட்டி, ஒவ்வொரு வரைபடத்திலும் சூட்டை எழுதிவைக்கிறோம். எங்கள் அண்ணாச்சி கையால் அமுக்கி ஒதுக்கிவைத்த பன்னிரண்டு ஷாக்குகள் சுவரோரம் இருக்கின்றன. இன்று காலை அவற்றை எல்லாம் நிமிர்த்தி வைத்தோம்.