ஒன்று போட்டுப் பார்த்த பிறகு

கல்யாணமாகி வந்த முதல் தீபாவளி. அதிரசம் நான்தான் செய்வேன் என்று அத்தையிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்). ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ பாகு வெல்லம். அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி, ஈரம் முழுக்கப் போகும் முன்பே அரைத்துச் சலித்தாயிற்று. அதுவரை சரி. பாகைத் தண்ணீரில் விட்டால் கரையக் கூடாது, விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தார்கள். விட்டுப் பார்த்தேன், கரைந்தது. ஆறினால் இறுகிவிடும் என்று நானே முடிவு செய்து மாவைக் கொட்டிவிட்டேன்.

மறுநாள் எண்ணெயில் நான்கைச் சேர்த்துப் போட்டேன். ஓரம் விரிந்தது, அப்புறம் நடுவும் பிரிந்தது, ஒரு நிமிடத்தில் வாணலி முழுக்கத் தூள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்பை அணைத்து எண்ணெயை வடிகட்டினார்கள். "மாவு எங்கேயும் போயிடலம்மா. ஒண்ணு போட்டுப் பார்த்துட்டு அடுத்ததைப் போடணும், அவ்வளவுதான்." மீதி மாவில் ஒரு கைப்பிடி அரிசி மாவைத் தூவிப் பிசைந்து, ஒன்று தட்டிப் போட்டார்கள். அதுவும் லேசாக விரிந்தது. இன்னொரு கைப்பிடி. மூன்றாவதுதான் பிரியாமல் மேலே எழும்பி வந்தது. அவ்வளவு நேரமும் அவர்கள் முகத்தில் துளி அவசரம் இல்லை. அன்று நான் கற்றது அதைப் பார்த்துத்தான்.

அடுத்த வருடம் அந்தப் பயத்திலேயே பாகை முற்றவிட்டேன். மாவு கல்லாக இறுகி, சூடான பால் தெளித்துப் பிசைந்தும் பாதிதான் தேறியது.

மூன்றாம் வருடம் பாகு சரியாக வந்தது. ஆனால் லீவு கிடைத்தது ஒரே நாள், கிளறிய மாலையே சுட்டுவிட்டேன். மேலே சிவந்தது, உள்ளே அந்த மிருது இல்லை. மாவு பாகை இழுத்துக்கொண்டு பதப்பட ஒரு நாளாவது வேண்டும். அத்தை மூன்று நாள் வைப்பார்கள்.

இப்போது தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பே அரிசி ஊறப்போடுகிறேன். பாகு கொதிக்கும்போது பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், கையில் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. எண்ணெய் மிதமான சூட்டில், முதலில் ஒன்றே ஒன்று.

போன வருடம் அந்த ஒன்றை எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெய் வடித்து அத்தையிடம் நீட்டினேன். பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள்.

"அடுத்ததைப் போடும்மா."